ஜில்லென்று ஒரு சுவர்

தணல் என்று ஒருவர் இருந்தார். தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது அடையாள அட்டைக்குள் பத்திரமாக இருந்தது. பெரிய ரொட்டிக் கடையின் அடுப்படியில் இருபது வருஷத்துக்கு மேலாக நிற்கிற மனிதரை யாரோ ஒரு தடவை ‘தணல்’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஊர் அதையே பிடித்துக்கொண்டது. பெயருக்கும் ஆளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அவர் சூடாக ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. இருந்த சூட்டையெல்லாம் அடுப்பே வாங்கிக்கொண்டது போலும்.

அடுப்பு என்றால் வீட்டில் இருக்கிற மாதிரி நினைத்துவிடக் கூடாது. செங்கல்லால் ஒரு சின்ன அறையே கட்டி, வாயை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். சாயங்காலம் அதன் முன்னால் போய் நின்றால் விடிந்துதான் நகர முடியும். நீளக் கம்பு வைத்த மரத்துடுப்பால் மாவை உள்ளே தள்ளவேண்டும், வெந்ததை இழுக்கவேண்டும். தட்டு நழுவினால் கையாலேயே பிடித்துவிடுவார். பிடித்துப் பிடித்து அவர் உள்ளங்கை காய்ப்பேறி, பழைய செருப்பின் அடிப்பாகம் மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் கொதிக்கிற பாத்திரத்தை இறக்க அவர் மனைவி துணி தேடமாட்டாள். “ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க” என்பாள். அவர் வந்து வெறுங்கையால் தூக்கி வைத்துவிட்டுப் போவார். அக்கம்பக்கத்துப் பெண்களிடம் அவள் இதைப் பெருமையாகச் சொல்லுவாள். அவர்கள் புருஷன்மாருக்கு இந்த வித்தை தெரியாதல்லவா.

கைக்கு இந்தக் கதி என்றால் மூக்குக்கு வேறு கதி. அவர் மேலெல்லாம் ரொட்டி வாசனை. சோப்புப் போட்டால் சோப்புத்தான் கரையும். அந்த வாசனை அவர் வருவதற்கு முன்னே தெருமுனையில் வந்துவிடும், அவர் போன பிறகும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். ஆனால் அவருக்கு மட்டும் அது தெரியாது. வருஷக்கணக்கில் முகர்ந்து முகர்ந்து மூக்கு சலித்துப்போய், ரொட்டி என்றால் வேலை செய்வதில்லை என்று முடிவு கட்டிவிட்டது.

நரகத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசினால் தணல் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். பயம் வராது. நெருப்புத்தானே, பழகினதுதானே. சொர்க்கத்தைப் பற்றிப் பேசும்போதுதான் காதைத் தீட்டிக்கொள்வார். அங்கே குளுமையாக இருக்குமா, பகலில் தூங்க விடுவார்களா என்று யாரும் சரியாகச் சொன்னதில்லை.

ஏனென்றால் அவர் தூங்க வேண்டியது பகலில். குடியிருந்த வாடகை அறைக்கோ தகரக் கூரை. இரவெல்லாம் அடுப்பின் முன்னால் வெந்துவிட்டு வந்து, பகலெல்லாம் தகரத்தின் கீழே வேகவேண்டும். ரொட்டிக்குக்கூட ஒரு வேக்காடுதான். இவருக்கு இரண்டு.

ஒருநாள் வேலையில் நின்றபடியே கண்ணசந்துவிட்டார். ஆள் அப்படியே அடுப்பின் வாய்ப்பக்கம் சாய, கூட நின்றவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்தது, ஆள் பிழைத்தார். வீட்டுக்கு வந்து, ஆணி இழுத்துவிட்டது என்றார். அவர் மனைவி கிழிசலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆணி இழுத்தால் முன்னால் கிழியும். முதுகில் கிழிந்திருந்தது. இரண்டு நாளில் விஷயம் கடைக்காரர் ஒருவர் வாய்வழியாக அவளிடம் வந்து சேர்ந்தது.

அவள் சத்தம் போடவில்லை. சட்டையைத் தைத்து மடித்து வைத்துவிட்டு, “நமக்கு ஒரு சொந்த வீடு வேணும்” என்றாள். “நீங்க படுத்துத் தூங்குறதுக்கு.”

சொந்த வீடு என்றதும் ஆசைக்குக் கால் முளைக்கும். மனைவிக்கு, சமையல் செய்கிற இடத்தில் ஒரு ஜன்னல் வேண்டும். இத்தனை வருஷமாகக் கரிபிடித்த சுவரையே பார்த்துச் சமைத்தாயிற்று, இனி நாலு மனுஷர் முகத்தைப் பார்த்தபடி சமைக்கவேண்டும். மகள் செவிலியர் பயிற்சிக்குப் போகிறவள். எலும்புகளின் பெயரையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால்தான் அவள் மண்டையில் ஏறும். பகலில் அப்பா தூங்குகிற வீட்டில் வாய்விட்டுப் படிப்பது எப்படி? அவளுக்குத் தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு வேண்டும். தணலுக்கு ஜில்லென்று ஒரு சுவர். பக்கத்தில் பாயைப் போட்டு முதுகை அதில் ஒட்டிக்கொள்ள. அவ்வளவுதான்.

வீடு பார்த்துக் கொடுக்கும் பொறுப்பை மனைவியின் அண்ணன் எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். விளக்குக் கடை ஒன்றில் சரக்கு எடுத்துக்கொடுப்பது அவர் வேலை. ஆனால் வீடு என்று வந்துவிட்டால் கட்டின கொத்தனாரைவிட அவருக்கு அதிகம் தெரியும். அவருக்குச் சொந்த வீடு கிடையாது. அறிவுக்கு அது ஒரு தடையா?

கையில் இருந்த பணத்துக்கும் கேட்ட விலைக்கும் நடுவே ஓர் ஆறு ஓடியது. பாலம் போட்டுத்தர வங்கி சம்மதித்தது, ஆயுள் முழுக்கச் சுங்கம் கட்டவேண்டும் என்ற சின்ன நிபந்தனையோடு. பிறகு படியேறத் தொடங்கினார்கள்.

முதல் வீட்டில் குளிக்கிற இடத்துக்குச் சமையலறை வழியாகத்தான் போகவேண்டும். “நல்லதுதானே மாப்பிள்ளை, குளிச்சிட்டு நேரா சாப்பாட்டுக்கு உட்கார்ந்திடலாம்” என்றார் மச்சான். இன்னொரு வீட்டில் மாடிப்படி இவ்வளவு ஒல்லி, பீரோ ஏறாது. “பீரோவுக்கா வீடு வாங்குறீங்க?” வேறொரு வீட்டில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தும் அவர் வாய் அடைபடவில்லை. “குழாய்ச் செலவு மிச்சம்.”

ஒவ்வொரு வீட்டுக்கும் படியேறும்போது மூன்று ஆசைகளும் கூட ஏறின. இறங்கும்போது ஒன்று கொஞ்சம் இளைத்திருக்கும். ஜன்னல் முதலில் பாதி ஜன்னலாயிற்று, பிறகு புகைபோக ஓட்டை இருந்தால் போதும் என்றாயிற்று.

“சமைக்கிறவ அடுப்பைப் பார்க்கணும்மா. வெளிய பார்த்தா அடிப்பிடிக்கும்” என்றார் அண்ணன்காரர்.

“இருபது வருஷமா உள்ளதான் பார்த்தேன் அண்ணா. அப்பவும் அடிப்பிடிச்சுது” என்றாள் தங்கை.

மகளுடைய கதவு திரைச்சீலையாக மாறியது. “திரைக்குத் தாழ்ப்பாள் எங்க மாமா போடுவாங்க?” என்று அவள் கேட்டாள். மாமா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசிக்கிறார்.

சுவரை மட்டும் யாரும் தொடவில்லை. தணலே ஒரு தடவை வாயெடுத்தார். “எனக்கென்ன, நான் எங்க படுத்தாலும்…”

“நீங்க பேசாம இருங்க” என்றாள் மனைவி. “நாங்க விட்டுக்கொடுக்குறது எதுக்காகன்னு நெனச்சீங்க?”

 முதுகில் தைத்த சட்டையைத்தான் அன்றும் போட்டிருந்தார்.

கடைசியில் ஒரு சந்துக்குள் வீடு கிடைத்தது. ஒரு கூடம், சந்தைப் பார்த்த ஒரு ஜன்னல், ஜன்னல் இல்லாத இருட்டுச் சமையலறை. உள்ளே கதவென்று இருந்தது சமையலறைக்கு மட்டும்தான். உரிமையாளர் தடித்த கண்ணாடி போட்ட வயதானவர், வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில்தான் வீட்டைக் காட்டுவேன் என்றார். மற்ற நாளெல்லாம் அவருக்கு வேலை இருந்ததாம். அந்த நாளில் தெருமுனைக் கடைகளுக்கும் விடுமுறை, எல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தன.

உள்ளே நுழைந்ததும் மகள் மூக்கை உறிஞ்சினாள். ரொட்டி வாசனை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பக்கத்தில்தான் நின்றார், சந்தேகம் தீர்ந்தது. அம்மா மூக்கிலும் அது ஏறியது. கட்டிக்கொண்ட நாள் முதல் ஏறுகிற வாசனைதானே என்று விட்டுவிட்டாள். தணலின் மூக்கைப் பற்றி முன்னமே சொல்லியாயிற்று.

கூடத்தின் வலதுபக்கச் சுவர் நல்ல கனம். தணல் போய் அதன்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். எல்லோரும் வைத்தியர் நாடி பிடிப்பதைப் பார்ப்பதுபோல் காத்திருந்தார்கள்.

“ஜில்லுன்னு இருக்கு” என்றார்.

மனைவியும் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு என்னவோ வெதுவெதுப்பாகத் தெரிந்தது. நெருப்போடு குடித்தனம் நடத்துகிற மனிதர் குளிர்ச்சி என்று சொல்லும்போது, வெயிலில் நடந்து வந்த தன் கையைத்தான் அவள் சந்தேகப்பட்டாள்.

“குளிர்காலத்துல வந்து பாருங்க” என்றார் உரிமையாளர். “அப்புறம் வேற வீட்டுக்குப் போக மனசே வராது.” வீடு விற்கிறவர்கள் பொய் சொல்வார்கள் என்பார்கள். அந்தப் பெரியவர் ஒரு பொய் சொல்லவில்லை, பாவம்.

குடிபோன மறுநாள் காலை தணல் வேலை முடிந்து வந்தார். வங்கிக்குச் சொந்தமான சொந்த வீட்டின் கதவைத் திறந்து, ஆண்டவனை நினைத்துக் கைகூப்பி, பாயை உதறிப் போட்டு, வலதுபக்கச் சுவரில் முதுகை ஒட்டினார். கொஞ்சநேரம் சுகமாக இருந்தது. பிறகு சுவர் மெல்லக் கண்விழித்தது. முதலில் வெதுவெதுப்பு, அப்புறம் சூடு, மத்தியானம் ஆவதற்குள் முதுகுத்தோல் உரிந்துவிடும்போல் ஆயிற்று. உள்ளங்கைக்குத் தெரியாதது முதுகுக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்தச் சூடு அவருக்குப் புதிதில்லை. வெயில் சூடு ஒரு மாதிரி, செங்கல் சூடு ஒரு மாதிரி. சட்டையை மாட்டிக்கொண்டு சந்து வழியாகச் சுற்றித் தெருமுனைக்குப் போனார். ஷட்டர் தூக்கியிருந்தது. உள்ளே ஒரு ரொட்டிக் கடை. கடைக்குப் பின்னால் செங்கல் அடுப்பு, அதன் முதுகு இவர் வீட்டுக் கூடம். இவர் கடை இரவில் சுட்டுக் காலையில் விற்கிறது. அந்தக் கடை பகலில் சுட்டுச் சாயங்காலம் விற்கிறது. இரவு அணைந்துவிடும். ஆக, மனைவிக்கும் மகளுக்கும் இரவில் பெரிய தொந்தரவில்லை. பகலில் படுக்கிற ஒரே ஒருவருக்காகவே பார்த்துப் பார்த்துக் கட்டினது மாதிரி அமைந்த சுவர்.

வீடு திரும்பினார். முகம் கழுவிக்கொண்டு நின்ற மனைவி, “தூங்கினீங்களா?” என்று கேட்டாள். இருட்டுச் சமையலறையில் வியர்த்து நின்றாள், ஜன்னலை விட்டுக்கொடுத்தவள்.

“ம். ஜில்லுன்னு இருந்துச்சு.”

அவள் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். காலையில் ஈரத்துணியை அந்தச் சுவரோரம் காயப் போட்டிருந்தாள். அது காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. “எனக்கும் அப்படித்தான்” என்றாள். “கொஞ்சம் குளிருதுன்னுகூடச் சொல்லலாம்.”

பயிற்சி முடிந்து வந்த மகள் இருவரையும் பார்த்தாள். பைக்குள்ளிருந்த புத்தகத்தை எடுத்து விசிறிக்கொண்டே, “ஸ்வெட்டர் எங்கம்மா வச்சிருக்க?” என்று கேட்டாள்.

இப்படியே நாள் ஓடியது. மூன்று பேரும் வியர்வையில் குளித்தபடி குளிர்ச்சியைப் புகழ்ந்தார்கள். தான் தொட்டுப் பார்த்துச் சொன்ன சுவரைத் தானே குறைசொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. ஏமாந்ததைத் தெரியப்படுத்தி அவரை வேகவைக்க மனைவிக்கும் மகளுக்கும் மனமில்லை. தணலின் கண் மட்டும் நாளுக்கு நாள் உள்ளே போனது. வேலைக்குக் கிளம்பும்போது மனைவி அவர் சட்டையின் முதுகை ஒருதரம் தடவிப் பார்த்து அனுப்புவாள்.

உண்மையைப் போட்டு உடைக்க ஒரு பெரிய மனிதர் தேவைப்பட்டார். மச்சான் ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தார், தான் வாங்கிக்கொடுத்த வீட்டின் புகழைக் காதால் கேட்டுப் போக. கூடத்தில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். சாய்ந்தார். உடனே தேள் கொட்டினவர் மாதிரி எழுந்தார்.

“என்னம்மா இது, சுவர் சுடுது.”

“சுடுதா?” என்றாள் தங்கை.

“எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே மச்சான்” என்றார் தணல். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு அவர் மூக்கு நுனிக்கு வந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“மாமாவுக்கு உடம்பு சரியில்ல போல” என்று மகள் ஆரம்பித்தாள். அந்தச் சொட்டு விழுந்தது. அவளால் முடியவில்லை, புத்தகத்தை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள். அடக்கி வைத்த சிரிப்பு அம்மாவுக்கும் தொற்றியது. அவள் சிரிப்பு பாதியிலேயே வேறாக மாறிவிட்டது.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“முதல் நாளே” என்றார் தணல். “உனக்கு?”

“துணி காயப் போட்டப்பவே.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “தொட்டுப் பார்த்துத்தானே சொன்னீங்க? நெருப்புலயே கிடக்குற மனுஷன், உங்களுக்குத் தெரியாதா?”

தணல் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். அவள் பார்த்தாள். தினமும் கொதிக்கிற பாத்திரத்துக்கு அவள் கூப்பிட்ட கை. பெருமையாக ஊரெல்லாம் சொன்ன கை.

“இந்தக் கையை நம்பி வீடு வாங்கியிருக்கோம்” என்றாள் மெதுவாக. “புத்தி யாருக்கு இல்லன்னு தெரியல.”

“ரொட்டி வாசனை வந்துச்சே, அப்பவாவது நான் சொல்லியிருக்கணும்” என்றாள் மகள். “அப்பான்னு நெனச்சேன்.”

“நானும்தான்.”

“எனக்கு வரவே இல்ல” என்றார் தணல், வருத்தத்தோடு.

மச்சான் தொண்டையைச் செருமினார். “நான் அப்பவே சொல்லணும்னு இருந்தேன்…” என்று தொடங்கினார். தங்கை திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டார். விழுங்கிய கையோடு, ஏதாவது உருப்படியாகச் செய்தாகவேண்டுமே என்று, “வித்துட்டு வேற பார்ப்போமா?” என்றார்.

“இன்னொரு தரம் நீங்க எங்களுக்கு வீடு பார்க்கிற அளவுக்கு நாங்க ஒண்ணும் பாவம் பண்ணல அண்ணா.”

அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. அழுகிறாளோ என்று தணல் எட்டிப் பார்த்தார். அவள் தரையில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரில் கன்னத்தை வைத்திருந்தாள். பிறகு மற்றச் சுவரிலும் வைத்துப் பார்த்தாள்.

“இங்க வாங்க. கையை வைக்காதீங்க, அது எதுக்கும் ஆகாது. கன்னத்தை வைங்க.”

வைத்தார். ஜில்லென்று இருந்தது. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீர்த் தொட்டி. ஜன்னலே இல்லாததால் நடுப்பகலிலும் இருட்டு. இத்தனை நாளும் அவள் அடுப்பை மூட்டி மூட்டி அந்தக் குளிர்ச்சியை விரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்றைக்கே அடுப்பைத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டு போனார்கள். தூக்கினவர் மச்சான். இந்த வீட்டுக்காக அவர் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு செய்த வேலை அது. ஜன்னலுக்குக் கீழே, சூட்டுச்சுவருக்குப் பக்கத்தில் அடுப்பு உட்கார்ந்தது. “அடுப்படின்னா சூடாத்தான் இருக்கும். இதுல யாரைக் குறை சொல்றது?” என்றாள் மனைவி. ஜன்னலைத் திறந்தால் சந்தில் எதிர்வீட்டுத் தம்பதி தெரிவார்கள். இருவரும் நாள் தவறாமல் சண்டை போடுகிறவர்கள். அவளுக்குப் பொழுது நன்றாகப் போனது. இரண்டு நாள் அடிப்பிடித்தது. அண்ணன் வாக்குப் பொய்க்கவில்லை.

தணலுக்குச் சமையலறையில் பாய். இடம் குட்டை, காலை நீட்டினால் பாத்திர அலமாரி இடிக்கும். அதனால் அவர் அரைவட்டமாகத்தான் படுக்கவேண்டும். குழாய் வேறு சொட்டும். ஆனாலும் முதல் நாள் படுத்தவர், வேலைக்குக் கிளம்பும் நேரமாகியும் எழவில்லை. மனைவி கதவைத் திறந்து, மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். வந்தது, குறட்டையோடு. கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் எழுப்பினாள்.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. அப்பா உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால், மகள் கூடத்தில் உட்கார்ந்து உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எலும்புகளை வாய்விட்டு எண்ணலாம். அவள் கேட்டது ஒரு கதவு. கதவுக்கு எந்தப் பக்கம் யார் இருக்கவேண்டும் என்று கேட்கும்போது சொல்லவில்லையே. உறவினர் யாராவது வந்து, “கூடத்துல சமைக்கிறீங்க, சமையலறையில தூங்குறீங்க, என்ன வீடு இது?” என்று சிரித்தால் அவள் அலட்டிக்கொள்வதில்லை. “குளிர்காலம் வரட்டும். அப்ப நாங்க மாத்திப் படுப்போம்” என்பாள்.

தெருமுனை ரொட்டிக் கடைக்காரர் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு மரியாதையாகச் சூடான ரொட்டி ஒன்று கொடுத்தனுப்பினார். தணல் வெறுங்கையால் வாங்கி, இரண்டாகப் பிட்டுப் பார்த்து, நன்றாக வெந்திருக்கிறது என்று உண்மையைச் சொன்னார். அடுத்தவர் அடுப்பைக் குறைசொல்வது அவர் வழக்கமில்லை.

வேலையிடத்தில், முன்பு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தவர் ஒரு நாள் கேட்டார். “என்ன தணலண்ணே, இப்பல்லாம் கண்ணு பளிச்சுன்னு இருக்கு. சொந்த வீடு எப்படி?”

தணல் துடுப்பை அடுப்புக்குள் விட்டு ஒரு வரிசை ரொட்டியை இழுத்தார்.

“ஜில்லுன்னு இருக்கு” என்றார். சுவர் விஷயத்தில் இனியும் பொய் சொல்ல அவருக்கு மனமில்லை. அதனால் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “ஒரு ஓரம்” என்று சேர்த்துக்கொண்டார்.